கணக்கில் வராத குழந்தைகளும் பேராக்கில் ஓமியோபதியும்

புறநானூற்றின் 28ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு உரைத்தது. மக்கட் பிறவியில் நேரும் எட்டு வகைக் குறைகளை அதில் புலவர் எண்ணிக் காட்டுகிறார். கண்ணின்மை, உறுப்பு அமையாத தசைப்பிண்டம், கூன், குறுகிய உடல், ஊமை, செவிடு, விலங்கை ஒத்த வடிவம், மயங்கிய அறிவு என்பன அவை. இன்றைய மருத்துவ நூல்கள் பிறவி வளர்ச்சிக் குறை என்னும் தலைப்பில் அடக்குவனவற்றுள் பலவற்றுக்குச் சங்க காலத்திலேயே தமிழில் பெயர் இருந்தது என்பது கருதத்தக்கது. இத்தகைய பிறவிகளால் ஊதியம் இல்லை என்று அறிந்தோர் முன்னரே கூறினர் என்பதும் அப்பாட்டின் செய்தி. புலவர் கருதிய ஊதியம் அறம், பொருள், இன்பம் என்னும் பிறவிப் பயனாகும். பிற்காலத்தில் அச்சொல் கூலியைக் குறிக்கலாயிற்று.

அந்தப் பிற்காலப் பொருளை மனத்தில் கொண்டு பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் மருத்துவ வரலாற்றை நோக்கினால், ஒரு சாரார் அதில் இடம் பெறாமற்போன காரணம் விளங்கும். பிறவியிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகளே அவர்கள். தோட்ட மருத்துவம் விட்டுவைத்த இடைவெளியில் வேறு பல முறைகள் புகுந்தன. அவற்றுள் ஓமியோபதியும் ஒன்று. அம்முறை மலாயாவில் பரவிய வரலாற்றில் கிந்தா மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு என்பது தமிழ் மக்களிடையே அவ்வளவாக அறியப்படாத செய்தி.

தோட்டத்துக் கணக்கு

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. மலாயாவின் முதல் ரப்பர் மரங்களுள் அவை சேரும். அடுத்த நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங் ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின; கங்காணி முறையில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினர். காடு அழிந்த இடத்தில் மலேரியா எழுந்தது. ஆட்கள் மடிந்தால் பால் வெட்ட ஆள் இல்லை. ஆகவே குவினைனும் டிஸ்பென்சரியும் டிரஸ்ஸரும் தோட்டத்துக்குள் வந்தனர். இது அறத்தால் விளைந்த ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், இந்திய அரசாங்கத்தின் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் தோட்ட முதலாளிகளின் கையைக் கட்டின என்பதே உண்மை.

டிரஸ்ஸரின் வேலை தெளிவானது. காலைப் பெரட்டில் நிற்க இயலாதவன் உண்மையாகவே நோயாளியா, எத்தனை நாளில் வேலைக்குத் திரும்புவான் என்பதை அவர் சொல்லவேண்டும். அவருடைய அலமாரியில் குவினைன், பேதி மருந்து, புண்ணுக்குத் தடவும் டிங்சர், இருமலுக்குத் தண்ணீர் மருந்து ஆகியவை இருந்தன. குழந்தைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. விடியுமுன் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வர். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இனத்தைச் சேர்ந்த பத்துப் பிள்ளைகள் 7 முதல் 14 வயதுக்குள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும். அதாவது, குழந்தை தாயின் வேலைக்குத் தடையாக இருக்கும்வரை அதற்குக் கொட்டகை, பிறகு பள்ளி, பிறகு பால்வாளி.

இந்த மூன்று படிகளில் எதிலும் ஏறாத பிள்ளையின் நிலை யாது? தலை நிற்கவேண்டிய மாதத்தில் தலை நிற்கவில்லை. இரண்டு வயதாகியும் உட்காரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. அத்தகைய பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை. டிரஸ்ஸர் எழுதும் நோய்ப் பெயர்களுள் எதுவும் அதற்குப் பொருந்தாது. தாய் ஒருநாள் வேலைக்குப் போகாமல் பிள்ளையை டவுனுக்குத் தூக்கிச் சென்றால் அன்றைய கூலி இல்லை. அவ்வாறு சென்றாலும் பெரிய மருத்துவமனையில் அன்று கிடைக்கக்கூடிய விடை, இது பிறவிக் கோளாறு என்ற ஒரு சொல்லே.

அப்பிள்ளை வளர்ந்து ஆளாகி, அடக்க முடியாத நிலை வந்தால் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தான் இருந்தது. 1911ஆம் ஆண்டில் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை மலாயாவிலேயே பெரியது. நோயுற்ற மனமும் வளர்ச்சி பெறாத அறிவும் வேறுவேறு என்ற பாகுபாட்டை அக்காலத்தில் பொதுமக்கள் அறியார். நிறுவனங்களும் பெரிதாகப் போற்றியதாகத் தெரியவில்லை. ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. பின்னாளில் அம்மருத்துவமனைக்கு 'பகாகியா' என்று பெயரிட்டனர். மலாய் மொழியில் மகிழ்ச்சி எனப் பொருள்படும் அச்சொல்லும் தமிழில் வழங்கும் 'பாக்கியம்' என்பதும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்தவை. பிள்ளைப் பேற்றைப் பாக்கியம் என்று போற்றும் மக்கள் அப்பெயரின் கீழ்த் தம் பிள்ளையை விட்டுவர அஞ்சினர்.

எஞ்சியவை வீட்டு மருத்துவமும் கோயிலுமே. பாலவாகட மரபில் வந்த பாட்டிமார் மாந்தம், கணம், தோடம் என்று பகுத்து, உரை மருந்து இழைத்துப் புகட்டினர். பேச்சு வராத பிள்ளையின் நாவில் வசம்பு தடவுவது தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த வழக்கம். அவ்வசம்பைப் பெயர் சொல்லா மருந்து என்பர். பெயர் தெரியாத நோய்க்குப் பெயர் சொல்லா மருந்து அமைந்தது ஒரு பொருத்தமே. மாரியம்மனுக்கு நேர்த்தியும் தாயத்தும் இவற்றோடு சேரும்.

இனிப்பு மாத்திரை வந்த வழி

ஓமியோபதியை வகுத்தவர் சாமுவேல் ஹானிமன். 1755ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மைசன் நகரில் பிறந்தவர். நலமுள்ள உடலில் ஒரு பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குமோ, அதே குறிகளையுடைய நோயை அப்பொருள் தீர்க்கும் என்பது அவர் 1796ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை. முள்ளை முள்ளால் எடுப்பது என்று தமிழன் இதை எளிதில் விளங்கிக்கொள்வான். 1810ஆம் ஆண்டில் அவருடைய 'ஆர்கனான்' என்னும் நூல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1792ஆம் ஆண்டில், கியார்கன்தால் என்னும் ஊரில் சித்தம் கலங்கிய ஒருவரைச் சங்கிலியும் அடியும் இன்றி அன்பாக நடத்தி அவர் தேற்றியதுண்டு. அவ்வெற்றி மருந்தால் அன்று, நடத்தையால் வந்தது. ஓமியோபதியின் பிற்கால வரலாற்றுக்கும் அது ஒரு திறவுகோல்.

இந்தியாவுக்கு இம்முறை விரைவாகவே வந்தது. 1839ஆம் ஆண்டில் ஹோனிக்பெர்கர் என்ற ஐரோப்பிய மருத்துவர் இலாகூரில் மன்னர் இரஞ்சித் சிங்குக்கு மருந்தளித்தார். 1867ஆம் ஆண்டில் கல்கத்தாவின் புகழ்பெற்ற டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் வெளிப்படையாக ஓமியோபதிக்கு மாறியபோது ஆங்கில மருத்துவ உலகம் அவரை ஒதுக்கிவைத்தது. 1880ஆம் ஆண்டில் மங்களூரில் முல்லர் பாதிரியார் ஏழைகளுக்கென ஓமியோபதி மருந்தகம் திறந்தார். மருந்து மலிவு, பத்தியம் எளிது, மாத்திரை இனிப்பு. வறியவர் வீட்டுக்கு வேறு பரிந்துரை வேண்டா.

மலாயாவுக்கு ஓமியோபதியைக் கொண்டுவந்தவர்கள் இரண்டாம் உலகப் போரில் வந்த இந்தியப் படைவீரர்கள் என்று கூறுவாருண்டு. அவர்களும் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் போருக்கு முன்பே இந்தியாவில் ஓமியோபதி பயின்று திரும்பிய ஒருவர் இருந்தார். அவர் கிந்தா மாவட்டத்தில், கோப்பெங்கை அடுத்த கோத்தா பாருவில் 1911ஆம் ஆண்டு பிறந்த புர்ஹானுத்தீன் அல்-ஹெல்மி. அரசியல் வரலாற்றில் அவர் பெயர் பெரிது. 1945ஆம் ஆண்டு அக்டோபரில் ஈப்போவில் தோன்றிய மலாய் தேசியக் கட்சியை விரைவிலேயே தலைமை தாங்கி நடத்தியவர். 1956ஆம் ஆண்டு முதல் இறக்கும்வரை பாஸ் கட்சியின் தலைவர். 1947ஆம் ஆண்டில் மக்கள் அரசியலமைப்பை முன்வைத்த கூட்டணியில் அவருடைய இயக்கத்தாரும் மலாயா இந்தியர் காங்கிரசும் ஒரே அணியில் நின்றனர். அவர் பெயருக்கு முன் மக்கள் வழங்கிய 'டாக்டர்' என்ற பட்டம் ஓமியோபதியால் வந்தது. மலேசிய ஓமியோபதியர் அவரைத் தம் முன்னோடியாகப் போற்றுகின்றனர். 1969ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் தைப்பிங்கில் அவர் காலமானார்.

அன்னிய ஆட்சியின் மருத்துவத்துக்கு எதிராக நாட்டார் கையில் ஒரு மருத்துவம் என்ற எண்ணம் அவர் காலத்து அரசியலோடு பொருந்தியது. வங்காளத்தில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. வெள்ளையர் டாக்டர் ஒரு கணம் பார்த்துச் சீட்டெழுதிய இடத்தில், ஓமியோபதியர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

கேட்பதே ஓமியோபதியின் உயிர். பிள்ளை எப்பக்கம் ஒருக்களித்து உறங்கும், வியர்வை தலையிலா காலிலா, இனிப்பை விரும்புமா உப்பை விரும்புமா, கருவுற்றிருந்த காலத்தில் தாய் எதற்கேனும் அஞ்சினாளா என்றெல்லாம் வினவுவர். தோட்டத்து லயத்திலிருந்து வரும் ஒரு தாயிடம் அதுகாறும் எவரும் கேட்டிராத கேள்விகள் இவை. தன் பிள்ளை ஒரு முழு மனிதப் பிறவியாக விசாரிக்கப்படுவதை அவள் அங்கேதான் முதன்முதலில் கண்டிருப்பாள். இதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று.

மருந்தும் அதன் வரம்பும்

வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென ஓமியோபதி நூல்கள் கூறும் மருந்துகள் சில உண்டு. பருத்த உடலும் வியர்த்த தலையும் தாமதமான நடையும் உள்ள பிள்ளைக்குக் கல்கேரியா கார்போனிகா. அது கிளிஞ்சல் ஓட்டிலிருந்து எடுப்பது. உடலும் அறிவும் ஒருங்கே குன்றிக் கூச்சத்தால் ஒளியும் பிள்ளைக்குப் பேரைட்டா கார்போனிகா. பேச்சுத் தாமதமானால் நேட்ரம் மியூரியாட்டிகம். அது சமையல் உப்பே. சித்த மருத்துவர் முத்துச்சிப்பியைப் பற்பமாக்கி அளிப்பதை நினைவுகூர்பவர்க்கு முதல் மருந்து புதுமையாகத் தோன்றாது. ஆனால் வேறுபாடு பெரிது. பற்பத்தில் சிப்பி இருக்கிறது. முப்பதாம் வீரியம் என்னும் ஓமியோபதி மருந்தில் ஒரு பங்கை நூற்றில் கரைத்து, அதில் ஒரு பங்கை மீண்டும் நூற்றில் கரைத்து, இவ்வாறு முப்பது முறை செய்கின்றனர். பன்னிரண்டாம் முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்பது வேதியியல் கணக்கு. எஞ்சுவது சர்க்கரை.

சர்க்கரையால் தீங்கில்லையே என்பர். அதைப் பார்ப்பதற்குமுன் இக்குறைகளின் காரணம் பற்றி அறிவியல் கண்டதைப் பார்க்கவேண்டும். 1866ஆம் ஆண்டில் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் ஒருவகைப் பிள்ளைகளின் முகக்குறிகளை விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் அந்நிலைக்கு, 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959ஆம் ஆண்டில் பாரிசில் லெஜூன் குழுவினர் காட்டினர். கருவிலேயே ஒவ்வோர் உயிரணுவிலும் அமைந்துவிட்ட அந்த மிகுதியை எந்த மாத்திரையும் அகற்றாது. ஆங்கில மாத்திரையும் அகற்றாது.

பிறவிக்குறை அனைத்தும் இவ்வாறு மாற்ற முடியாதவை என்றால் கதை இங்கே முடிந்துவிடும். முடியவில்லை. 1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி, அறிவு வளராத தன் இரு பிள்ளைகளுடன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் வந்தாள். பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு விந்தையான நாற்றம் வீசுகிறது, அதன் காரணம் என்ன என்பது அவள் கேள்வி. அதற்குமுன் அவள் ஏறி இறங்காத வாசலில்லை. ஃபோலிங் அந்நீரைச் சோதித்து, உணவுப் புரதத்தின் ஒரு கூற்றை உடல் செரிக்க இயலாத பிறவிநோயைக் கண்டறிந்தார். அப்பிள்ளைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் 1950களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் பிக்கல் என்பவர், மற்றொரு தாயின் இடைவிடாத வற்புறுத்தலால், அந்நோய்க்கு உணவு முறை ஒன்றை வகுத்தார். 1960களில் கத்ரி என்பவர் வகுத்த முறையால், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்திலேயே அதைக் கண்டுகொள்ள முடிந்தது. சிகிச்சை பிறந்த சில வாரங்களில் தொடங்கினால் பிள்ளை இயல்பாக வளரும், தாமதித்தால் வளராது.

இந்நோய் தமிழரிடையே அரிது. தைராய்டு சுரப்பி பிறவியிலேயே குன்றுவது அத்துணை அரிதன்று. உலகில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பர். இதற்கு மருந்து 1890களிலேயே வந்துவிட்டது. 1891ஆம் ஆண்டில் மர்ரே என்பவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றைக்கொண்டு பெரியவர்களின் தைராய்டுக் குறையைத் தீர்த்தார். விரைவில் அது குழந்தைகளுக்கும் பயன்பட்டது. அதாவது, பேராக்கில் தோட்டங்கள் பெருகுமுன்பே இப்பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு மருந்து உலகில் இருந்தது. லயத்துக்கு வரவில்லை. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து இக்குறையைக் கண்டறியும் ஏற்பாடு பரவலானது இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேதான்.

தைராய்டு குன்றிய பிள்ளையின் குறிகள் யாவை? மந்தம், பருத்த உடல், தாமதமான நடை, குளிர்ந்த தோல். கல்கேரியா கார்போனிகாவுக்கு நூல்கள் தரும் குறிகளோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் ஆபத்து எங்கே என்பது புலனாகும். இனிப்பு மாத்திரை தானாகத் தீங்கு செய்வதில்லை. அதை நம்பிக் கழியும் ஆறு மாதங்கள் தீங்கு செய்யும். அந்த ஆறு மாதங்கள் திரும்பக் கிடையா.

இன்னொரு மயக்கமும் உண்டு. வளர்ச்சி குன்றிய பிள்ளையும் வளரவே செய்கிறது, மெதுவாக வளர்கிறது. டவுன் நிலைப் பிள்ளை பெரும்பாலும் இரண்டு மூன்று வயதில் நடக்கும். ஒன்றரை வயதில் மருந்து தொடங்கியவருக்கு அந்நடை மருந்தின் வெற்றியாகத் தோன்றும். மருந்து கொடுத்தவரும் மனமறியப் பொய் சொல்வதில்லை. அவரும் அதை நம்புகிறார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து உண்ணாத பிள்ளை அவர் கண்முன் இல்லை. அவ்வாறு ஒப்பிடும் ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஓமியோபதி பயன் தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2010ஆம் ஆண்டில் கூறியதும் இதையே ஒத்தது.

ஓமியோபதியர் கேட்ட நூறு கேள்விகளில் அடங்காத ஒரு கேள்வியை மரபியல் மருத்துவர் முதலில் கேட்பார்: தாயும் தந்தையும் உறவா? மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்னும் உரிமை மணம் தமிழரோடு தோட்டத்துக்கும் வந்த வழக்கம். பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் குறிப்பிடத்தக்க பிறவிக்குறையோடு பிறக்கின்றன. நெருங்கிய உறவு மணத்தில் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆயினும் முதற்பிள்ளை குன்றிப் பிறந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் அது நேரக்கூடுமா என்பதற்கு விடை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. தாய் எதற்கு அஞ்சினாள் என்ற விசாரணை, கேட்பவர் அறியாமலே, பழியைத் தாயின் மேல் வைத்துவிடுகிறது.

தோட்டங்களுக்குப் பின்

சட்டத்தின் போக்கும் இங்கே நோக்கத்தக்கது. மருந்து விளம்பரம் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருபது நோய்களுக்குத் தீர்வு உண்டென்று பொதுமக்களிடையே விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. வலிப்பு, முடக்கம், செவிடு, மனக்கோளாறு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. பிறவி வளர்ச்சிக்குறை தனித் தலைப்பாக இல்லை. பட்டியலை வகுத்தவர்களுக்கும் அப்பிள்ளைகள் தென்படவில்லை போலும். 2016ஆம் ஆண்டின் மரபுவழி, துணைநிலை மருத்துவச் சட்டம் ஓமியோபதியை ஏழு துறைகளுள் ஒன்றாக ஏற்று, மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்கிறது. பதிவு ஒழுங்கைத் தரும். மருந்துக்கு ஆற்றலைத் தராது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புந்தோங் முதலிய ஈப்போவின் புறப்பகுதிகளிலும் சிற்றூர்களிலும் குடியேறின. ஆயாக்கொட்டகை மறைந்தது, அதோடு, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே கையும் மறைந்தது. அதற்கு ஈடாக வந்தவற்றுள் முதன்மையானது சமூக மறுவாழ்வு நிலையம். 1984ஆம் ஆண்டில் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய அவ்வேற்பாடு பேராக் உட்பட எல்லா மாநிலங்களிலும் பரவியது. கழுத்தை நிறுத்தவும், கரண்டி பிடிக்கவும், கழிவறைக்குப் போகவும் அங்கே நாள்தோறும் பழக்குகின்றனர். 2008ஆம் ஆண்டின் உடற்குறையோர் சட்டம் அவர்களுக்குப் பதிவையும் அட்டையையும் அளித்தது. அரிய நோய் என்பதற்கு மலேசியாவில் நாலாயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படுவது என்று வரையறை செய்துள்ளனர். அத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கென 2004ஆம் ஆண்டில் ஒரு சங்கமும் தோன்றியது. மரபியல் மருத்துவரைக் காணவோ பேராக் குடும்பத்தார் பெரும்பாலும் கோலாலம்பூருக்கே செல்லவேண்டியிருக்கிறது. அப்பயணத்துக்கு முன்னும் பின்னும் பலர் பக்கத்து ஓமியோபதியரிடமும் செல்கின்றனர். அங்கே காத்திருக்கவேண்டியதில்லை, அவர் பேசுவார்.

பள்ளியின் கணக்கு மாறியது எல்லாவற்றிலும் பிந்தியே. 1997ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் துணையின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய, கல்வி கற்கத்தக்க பிள்ளைகளை மட்டுமே ஏற்றன. கடுமையான அறிவுக் குறை உள்ளவர்களை விலக்கின. 2013ஆம் ஆண்டில் அவ்விதிகள் மாற்றப்பட்டன. 2019ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது என்ற கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கு 96 ஆண்டுகள் ஆயின.